பதினொன்றில் இரண்டு

டீட்டன் ஆற்றுப் பண்ணை, மொன்டானா
8 அக்டோபர் 1961

அன்புத் தம்பி ஆர்விலுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? போன வருடம் மாதிரி இருமலைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகாதே. இங்கே நாங்கள் இருவரும் சுகம். எம்மெட் நன்றாகவே இருக்கிறார்.

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு நீ அனுப்பிய லீவர் துப்பாக்கி பத்திரமாக வந்து சேர்ந்தது. மரக்கட்டையைப் பார்த்ததுமே நீ உட்கார்ந்து மெருகு போட்டிருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. பண்ணை ஆட்கள் மூன்று பேரும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளி ஹாஸ்கெல்கூட, தன் ஃபோர்மேன் எம்மெட் வீட்டில் இருக்கிற துப்பாக்கி தன் வீட்டில் இல்லை என்று குறைப்பட்டாராம். எம்மெட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் பின்னால் தகர டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். பதினோரு தோட்டாவில் இரண்டு வெடிக்கவில்லை. சுத்தி 'கிளிக்' என்று விழுகிறது, அத்தோடு சரி. அதற்கு அடுத்த தோட்டா ஒழுங்காகப் போகிறது. எம்மெட் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் தம்பி மாதிரியே இருக்கு. கூப்பிட்டா ஒரு தடவை வருது, ஒரு தடவை வர மாட்டேங்குது."

நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது. சோக்செர்ரி ஜாம் இரண்டு புட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஆர்டிஸ்

•

பாய்சி, ஐடஹோ
15 அக்டோபர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். இருமல் இன்னும் வரவில்லை, ஜாம் வந்துவிட்டது. ஒரு புட்டி காலி.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். முகம் சிவந்துவிட்டது. ஊர்த் துப்பாக்கிகளை எல்லாம் சரிபார்க்கிறவன் சொந்த அக்காவுக்கு வெடிக்காத துப்பாக்கியை அனுப்பியிருக்கிறேன்! ஆனால் பயப்படாதே. புதுத் துப்பாக்கியில் இது சகஜம். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் உள்ளே கிரீஸை அப்பி அனுப்புவார்கள். உங்கள் ஊர்க் குளிரில் அது உறைந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். சுத்தி ஓங்கி அடித்தாலும் உள்ளே இருக்கும் ஊசி சேற்றில் நடக்கிற மாதிரிதான் நகரும். மண்ணெண்ணெயில் நன்றாக அலசி, துடைத்துக் காய வைத்துவிட்டு, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் விடுங்கள். தோட்டாவும் வேறு கம்பெனிப் பெட்டி வாங்கிப் பாருங்கள்.

ஒன்று முக்கியம். கிளிக் என்றதும் விசைக்குக் கீழே இருக்கும் லீவரை உடனே தள்ளித் திறக்காதீர்கள். குழலை மண் மேட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு அறுபது வரை எண்ணுங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

அத்தானிடம் சொல்: கூப்பிட்டும் நான் வராத தடவையெல்லாம் அவர் சமையல் செய்த நாள்.

அன்புடன்,
ஆர்வில்

•

டீட்டன் ஆற்றுப் பண்ணை
6 நவம்பர் 1961

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே முழங்கால் வரை பனி. மாடுகளை எல்லாம் கீழ்ப் புல்வெளிக்கு இறக்கியாயிற்று. நாங்கள் நலம்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று. உள்ளே இருந்து வந்த கிரீஸை வைத்து வண்டிச் சக்கரத்துக்கே போட்டிருக்கலாம். இரண்டு வேறு கம்பெனித் தோட்டா வாங்கினோம். அப்படியும் நாற்பதில் ஐந்து வெடிக்கவில்லை. தோட்டாவின் அடியில் நடுவே இருக்கும் சின்னப் பித்தளை வட்டத்தில் ஊசி பட்ட குழி இருக்கிறது, ஆனால் மேலாகத்தான். வெடித்த தோட்டாவில் ஆழமாக இருக்கிறது. மெழுகுவர்த்தியைச் சாய்த்து அந்தக் குழிகளில் சொட்டு விட்டு, ஆறியதும் பெயர்த்து எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு ஏதாவது தெரியும். வெடிக்காத தோட்டாவையே மறுபடி போட்டால் அது வெடித்துவிடுகிறது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

எல்க் மான் வேட்டைக்கு இந்த வருடம் ஒரே நாள்தான் போனோம். நாற்பது கஜத்தில் ஆண் எல்க் ஒன்று பக்கவாட்டில் நின்றது. கிளிக். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து போய்விட்டது. அன்று எம்மெட் சாப்பாட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கி இப்போது அலமாரி மேல் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்டிஸ்

•

பாய்சி
14 நவம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த கடிதத்திலாவது அத்தான் உடம்பைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுது. எல்க் போனதற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பேசவில்லை என்கிறாய், அதுதான் உறுத்துகிறது.

மெழுகுத் துண்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடி பலமாக விழவில்லை. தோட்டாவில் குற்றம் இல்லை, துப்பாக்கியில்தான். அடிக்கிற ஸ்பிரிங் பலவீனமா, ஊசி எங்காவது உரசுகிறதா, கடிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் போட்டு ரயில் பார்சலில் அனுப்பிவிடு. தோட்டா எதுவும் உள்ளே வேண்டாம்.

ஆர்வில்

•

பாய்சி
20 டிசம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பண்டிகை வாழ்த்துகள். இருமல் வந்துவிட்டது, சாதாரணமாகத்தான்.

துப்பாக்கியை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். ஊசியில் பிசிர் இல்லை. வளைவு இல்லை. கறிக்கடைக்காரரைக் கெஞ்சி அவருடைய குளிர் அறையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, வெளியே எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு, சுட்டேன். நூற்று அறுபது தோட்டா. நூற்று அறுபதும் வெடித்தது.

அக்கா, இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எனக்கு இப்படி ஆனதில்லை. உங்கள் வீட்டில் எட்டுக்கு ஒன்று வெடிக்காத துப்பாக்கி என் கடையில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பக்கத்துக் கடைக்காரர், "உங்க அக்கா வீட்டுக் காத்து அதுக்கு ஒத்துக்கலை போல" என்கிறார். சிரிக்கத் தோன்றவில்லை.

ஒன்றும் கண்டுபிடிக்காமல் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. சுத்தியின் ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் முறுக்கானதாகப் போட்டிருக்கிறேன். இனி அடி இடி மாதிரி விழும். லீவர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பழகிவிடும்.

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அங்கே சுடுவது யார்? தடித்த கையுறை போட்டுக்கொண்டா சுடுகிறீர்கள்?

அன்புடன்,
ஆர்வில்

•

டீட்டன் ஆற்றுப் பண்ணை
28 ஜனவரி 1962

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். உன் இருமலுக்கு வெங்காயச் சாற்றில் தேன் விட்டுக் குடி. நாங்கள் சுகம்.

துப்பாக்கி வந்தது. முன்னைவிட மோசம். ஒன்பதில் நான்கு போகவில்லை. பலமான ஸ்பிரிங் போட்டதாக எழுதியிருந்தாய், குழி என்னவோ முன்னைவிடக்கூட மேலாகத்தான் விழுகிறது.

யார் சுடுவது என்று கேட்டிருந்தாய். நான்தான். எம்மெட் தன் பழைய துப்பாக்கியைத்தான் எடுத்துப் போகிறார். கையுறை போடுவதில்லை.

மாடுகள் கன்று போடும் காலம் நெருங்குகிறது. கரடிகள் குகையை விட்டு வெளியே வந்துவிட்டால் புல்வெளியில் துப்பாக்கி இல்லாமல் நடக்க முடியாது. அதற்குள் ஏதாவது வழி இருந்தால் எழுது.

ஆர்டிஸ்

•

பாய்சி
4 பிப்ரவரி 1962

அக்கா,

தனியாக நலம் விசாரிக்கவில்லை, ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

'முன்னைவிட மோசம்' என்ற வார்த்தையை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். பலமான ஸ்பிரிங் போட்டால் சரியாக வேண்டும், அல்லது அப்படியே இருக்க வேண்டும். மோசமாகக் கூடாது. அந்த ஸ்பிரிங்கால் ஒரே ஒரு விஷயம்தான் மோசமாகும். லீவரை அசைப்பது கடினமாகும்.

கடையில் அதே மாதிரித் துப்பாக்கி இன்னொன்று இருந்தது. எடுத்தேன். லீவரைக் கீழே தள்ளி மேலே கொண்டுவந்து, கட்டையோடு ஒட்டுவதற்கு ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது நிறுத்தினேன். பார்த்தால் மூடியது மாதிரியேதான் இருக்கிறது. விசையை அழுத்தினேன். கிளிக். பத்துத் தடவை செய்தேன், ஒன்றுகூட வெடிக்கவில்லை. குழியில் மெழுகு விட்டு எடுத்து உன் மெழுகோடு வைத்துப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. லீவர் கடைசி வரை மூடாவிட்டால் சுத்தி விழும், ஊசிக்கு முழு அடி போய்ச் சேராது. துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை.

அக்கா, அந்தக் கடைசி ஒரு நூல் அளவுக்கு உன் கை மூடவில்லை.

குளிரில் விரல் மரத்துப்போகிறதா? காபிக் கோப்பை கை நழுவுகிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? எப்போதிலிருந்து? நீ சின்ன வயதில் கொட்டகைக் கதவை ஒற்றைக் கையால் தூக்கி மாட்டுவாய். நம் அம்மா கடைசி வருடத்தில் கைத்தடியைப் பிடிக்க முடியாமல் நின்றது ஞாபகம் வருகிறது. தயவுசெய்து கிரேட் ஃபால்ஸுக்குப் போய் டாக்டரைப் பார். அத்தானிடம் சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே காட்டு. நான் கடையை மூடிவிட்டு வரட்டுமா?

இரண்டு வரியாவது எழுது.

ஆர்வில்

•

பாய்சி
11 மார்ச் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உங்கள் ஊர்க் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். அக்கா உடம்பு எப்படி என்று கேட்டேன். கடைக்கார அம்மாள், "அவளுக்கு என்ன? நேத்துதான் வந்து ரெண்டு தீவன மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனா. இப்பல்லாம் ஆர்டிஸ்தான் எல்லாத்தையும் தூக்குறா" என்றார்.

ஒரு மூட்டை ஐம்பது பவுண்டு. எனக்குத் தலை சுற்றுகிறது. லீவரை மூட முடியாத கை மூட்டையைத் தூக்குகிறதா? நான் கணக்குப் போட்டது தப்பா? தப்பென்றால் சந்தோஷம்தான். ஆனால் அந்த மெழுகு பொய் சொல்லாது.

நான் என்ன தப்பாக எழுதினேன் என்றாவது சொல்.

ஆர்வில்

•

டீட்டன் ஆற்றுப் பண்ணை
11 ஏப்ரல் 1962

என் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பிப்ரவரிக் கடிதத்தைச் சமையல் ஏப்ரன் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டே இரண்டு மாதம் நடமாடியிருக்கிறேன். நீ பயந்திருப்பாய் என்று தெரிந்தும் எழுதவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம், முதலில் படி.

என் கைக்கு ஒன்றும் இல்லை. சுட்டது நான் இல்லை. ஒரு தடவைகூட நான் சுடவில்லை, எம்மெட் பழைய துப்பாக்கியை எடுத்துப் போகிறார் என்று எழுதியதும் பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடைப் பக்கம் கன்றுக்குட்டி ஒன்று கத்தியது. எம்மெட்டும் நானும் வண்டியில் போனோம். அவர் நீ அனுப்பிய துப்பாக்கியோடு இறங்கி முன்னால் நடந்தார். வில்லோ புதருக்கு அந்தப் பக்கம் பெரிய பழுப்புக் கரடி கன்றின் மேல் நின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் கன்றை விட்டுவிட்டு நிமிர்ந்தது. எம்மெட் குறி பார்த்தார். கிளிக். லீவரைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றினார். மறுபடி கிளிக். அதற்குள் கரடி நான்கு காலில் இறங்கி எங்களை நோக்கி வரத் தொடங்கிவிட்டது. ஓடவில்லை. முதலில் நடந்துதான் வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

நான் எப்போது அவர் பின்னால் போய் நின்றேன் என்று தெரியவில்லை. உன் கடிதம் மட்டும் ஞாபகத்தில் இருந்தது. மூன்றாவது தடவை அவர் லீவரை மேலே கொண்டுவந்தபோது, அவர் கைக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்து ஓங்கி மேலே அடித்தேன். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அந்தத் துப்பாக்கியில் அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அவர் சுட்டார். கரடி பதினைந்து அடி தள்ளி விழுந்தது.

எம்மெட் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"மூடிட்டேன்னுதான் நினைக்கிறேன், ஆர்டிஸ். ஒவ்வொரு தடவையும் மூடிட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"தெரியும்" என்றேன்.

"ஆர்விலுக்கு எழுதிடு. பாவம், நல்ல துப்பாக்கியைப் பிரிச்சுப் பிரிச்சு மூளை குழம்பிக் கிடக்கான்."

போன ஜூலையில் தொடங்கியது. வலது கையில் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே இருக்கும் சதை வற்றிவிட்டது. கயிறு நழுவும். சாவி திரும்பாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். இந்த வீடு ஃபோர்மேனுக்கு ஹாஸ்கெல் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அதனால் அவர் கை செய்ய முடியாததை எல்லாம் என் கை செய்தது. வேலி, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறது, மூட்டை. ஆட்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டோம்.

நீ கேட்பாய், அப்புறம் எதற்குத் துப்பாக்கியைப் பற்றி எழுதினாய் என்று. எனக்கே நேராகப் பதில் தெரியவில்லை. துப்பாக்கியில்தான் கோளாறு என்று நீ எழுதுவாய் என்று ஒவ்வொரு தபாலுக்கும் காத்திருந்தேன். அப்படி எழுதியிருந்தால், கயிறு வழுக்கலான கயிறு, சாவி துருப்பிடித்த சாவி என்று மற்றதையும் நம்பியிருப்பேன். கிறிஸ்துமஸுக்கு நீ, நூற்று அறுபதும் வெடித்தது என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டுக் கொட்டகையில் போய் அழுதேன்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ சுகமாக இரு.

ஆர்டிஸ்

•

பாய்சி
16 ஏப்ரல் 1962

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா எழுதியதைப் படித்தேன். இரண்டு மாதமாக அக்காவுக்காகப் பயந்துகொண்டிருந்தவன், அது அவளுக்கு இல்லை என்று படித்ததும் ஒரு விநாடி நிம்மதியாக மூச்சு விட்டேன். அடுத்த விநாடி உங்கள் முகத்தை நினைத்து வெட்கப்பட்டேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பழைய மெல்லிய ஸ்பிரிங்கை இதோடு அனுப்புகிறேன். அக்காவுக்கு மாற்றத் தெரியும். ஆனால் இது கோளாறைக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் திருத்துகிற வேலை. இனி இப்படி வேண்டாம்.

டாக்டரைப் பாருங்கள். ஹாஸ்கெலிடம் நீங்களே சொல்லுங்கள். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். வீடு போனால் போகட்டும், என் கடைக்கு மேலே இரண்டு அறை சும்மா கிடக்கிறது. கிரேட் ஃபால்ஸுக்கு வண்டி ஓட்ட ஆள் வேண்டுமென்றால் கடைக்குத் தொலைபேசி செய்யுங்கள், மறுநாள் அங்கே இருப்பேன்.

உங்கள் மைத்துனன்,
ஆர்வில்

•

டீட்டன் ஆற்றுப் பண்ணை
27 மே 1962

மாப்பிள்ளை ஆர்விலுக்கு,

எம்மெட் எழுதுவது. இடது கையால் எழுதுகிறேன், மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். உன் இருமல் நின்றுவிட்டது என்று ஆர்டிஸ் சொன்னாள், சந்தோஷம்.

டாக்டரைப் பார்த்தோம். நரம்பு வியாதி. வாயில் நுழையாத ஒரு பேர் சொன்னார். மருந்து கிடையாதாம். முதலில் வலது கை, அப்புறம் மற்றது. எத்தனை வருடம் என்று கேட்டேன். சொன்னார். ஆர்டிஸும் பக்கத்தில்தான் இருந்தாள், அதனால் உனக்கு அவள் எழுதுவாள், அதை நான் எழுத விரும்பவில்லை. வண்டியில் திரும்பினோம். சாலையோரக் கடையில் நிறுத்தி ஆப்பிள் பை பலகாரம் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஹாஸ்கெல் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டைக் காலி செய்ய ஜூன் கடைசி வரை நேரம் கேட்டேன். அந்த ஆள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார்: "உன் வேலையை யார் செஞ்சுக்கிட்டிருக்கா, எம்மெட்?"

"ஆர்டிஸ்."

"எத்தனை மாசமா?"

"பத்து மாசம் ஆகுது."

"இந்த வருஷம் எத்தனை கன்னு செத்துச்சு?"

"மூணு. கரடி கொன்னதோட சேத்து."

"போன வருஷம் பதினொண்ணு" என்றார். "நீ நல்லா இருந்த வருஷம்."

நான் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நேராக எங்கள் வீட்டுக்கு நடந்து, ஆர்டிஸிடம் அவளை ஃபோர்மேனாக வைத்துக்கொள்கிறேன் என்றார். வீடு அவளுக்கு. ஆட்களில் ஒருவன் முணுமுணுத்தானாம். மறுநாள் அவள் அவனையே கூட்டிக்கொண்டு போய்ப் பத்து மைல் வேலியையும் பழுது பார்த்துவிட்டு வந்தாள். இப்போது அவன் முணுமுணுப்பதில்லை.

எனக்கு இருபத்தாறு வருடம் இதுதான் வேலை, ஆர்வில். அது போனதற்கு வருத்தமா, அவள் கைக்குப் போனதற்குப் பெருமையா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. உன் அறைகளுக்கு நன்றி, அவை அப்படியே இருக்கட்டும். உனக்கும் எனக்கும் இந்தக் கோடையில் தூண்டில் போட நேரம் இருக்கும். வருகிறாயா? மீனைக் கழற்றுவது மட்டும் உன் வேலை.

இதை எழுதும்போது ஆர்டிஸ் முற்றத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருக்கிறாள். உன் துப்பாக்கி அவள் சேணத்தில் இருக்கிறது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மணி நேரமாக அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

இப்போதுதான் குதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"எம்மெட், வடக்குப் புல்வெளியை இன்னிக்குத் திறந்து விடலாமா, ஒரு வாரம் போகட்டுமா?"

புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நேற்று அவள்தான் எனக்கு வந்து சொன்னாள்.

"ஒரு வாரம் போகட்டும்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, ஆட்களிடம் போய் அப்படியே சொன்னாள்.

உன் அத்தான்,
எம்மெட்